இரண்டாவது வண்டி

பெல்ட்டை நான்தான் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மேல் சாய்ந்து, இடது தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பட்டையைப் பிடித்து இழுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து சொருகினேன். அவர் ஜன்னல் வழியாக ஆழியாறு அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்படி ஏதாவது செய்துவிடும்போதெல்லாம் அவர் கண்ணுக்குப் பார்க்க வேறு ஏதாவது அகப்பட்டுவிடும். காலையில் வந்த பென்ட்லியில் இந்தத் தொல்லை இல்லை. பென்ட்லியில் கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை தானாக நீண்டு வந்து பெல்ட்டை அவர் தோளுக்குப் பக்கத்தில் கொடுத்தது, இந்தா பிடி என்பது போல. அவர் வலது கையால் வாங்கித் தானே சொருகிக்கொண்டார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவராகப் போட்டுக்கொண்ட முதல் பெல்ட் அது. இரண்டே கதவு உள்ள வண்டி, பெல்ட் ரொம்பப் பின்னால் தள்ளி இருக்கும், எட்டாது, அதற்காக வைத்திருக்கிறான் என்று வண்டிக்குச் சொந்தக்காரன் தேவராஜ் சொன்னான். எதற்காக வைத்தால் என்ன. நான் அந்த இடத்திலேயே பென்ட்லி என்று முடிவு செய்துவிட்டேன். ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு ஒரு மரியாதைக்கு. இந்த ஆஸ்டன் மார்ட்டினில் அவரை உட்காரவைப்பதற்குள் நானும் தேவராஜும் வியர்த்துப்போனோம். அவ்வளவு தாழ்வு. முதலில் அவரைத் திருப்பி இடுப்பை இறக்கி, பிறகு வலது காலை அவரே எடுத்து வைக்க, இடது காலை நான் குனிந்து தூக்கி வைத்தேன். அணைப் பூங்காவுக்கு வந்த கூட்டம் ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு வண்டியைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று நின்றது. "மெதுவா, சாந்தாமணியக்கா, தலை, தலை" என்று தேவராஜ் கத்தினான். கதவு சாத்தினதும் அவர் மூச்சு விட்ட விதத்தைக் கேட்டேன். சரி, ஒரு நாலு வளைவு ஏறி இறங்கிவிட்டு இந்த வண்டியை அவனிடமே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினேன்.

அது ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் எல்லாம் மரத்துக்குத் தாவிவிட்டன. எனக்கே கை ஸ்டீரிங்கை விட்டுத் துள்ளியது. அவர் திரும்பினார். வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போனது. இடது ஓரம் போகாது. "எட்டு சிலிண்டர்" என்றார். எட்டு என்று சொல்ல அவருக்கு நேரம் எடுக்கும், நாக்கு அந்த 'ட்'டில் மாட்டிக்கொள்ளும். "ஆமாங்க" என்றேன். பென்ட்லிக்கும் எட்டுதான், அதையும் அவர்தான் சொன்னார், ஆனால் அது வேறு எட்டு. அதைக் கிளப்பியபோது தூரத்தில் எங்கோ ஒரு பெரிய ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டது மாதிரி இருந்தது, அதோடு சரி. தேவராஜ் கோயமுத்தூரில் நூல் மில் வைத்திருக்கிறான், எங்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, இருபது வருஷப் பழக்கம். இரண்டு வண்டியில் ஒன்றை விலைக்குக் கொடுத்துவிடப் போகிறான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரெண்டையும் ஓட்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது வேலண்ணா என்று இவரிடம் சொன்னான். ஓட்டிப் பார்க்காமல். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான். இவர் சிரித்தார். "அவ ஓட்டுவா" என்றார். அப்படித்தான் இன்றைக்குக் காலையில் கோயமுத்தூரிலிருந்து நான் பென்ட்லியை ஓட்டிவர, அவன் இந்த வண்டியில் முன்னால் வந்தான். மலையில் ஏறி இறங்கிவிட்டு எதில் திருப்பூர் போகிறோமோ அது எங்களுடையது. கீழே பென்ட்லியில் சாய்ந்துகொண்டு நின்றிருப்பான். இறங்கியதும் எது என்று கேட்பான். பென்ட்லி என்பேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

செக்போஸ்ட்டில் இருந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "டிரைவர் வரலைங்களா?" என்று கேட்டார். கேட்டது அவரிடம். "டிரைவர்தான் ஓட்டுது" என்றார் இவர். தடையைத் தூக்கினார்கள். டிரைவர். நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணமான இரண்டாம் வருஷமே எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார், மாருதியில் நான் நூல் கூம்பு ஏற்றிப் போயிருக்கிறேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறேன், மழையில் அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்திருக்கிறேன். ஆனால் அவர் வண்டியில் இருந்தால் ஸ்டீரிங் அவருக்கு. யாரும் சட்டம் போடவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் அவர் இடம் எது என் இடம் எது என்று யாராவது சொல்லியா தெரியும், அந்த மாதிரி. அவர் வண்டி ஓட்டுவதை நான் அவ்வளவு காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாதி நேரம் தூங்கியிருக்கிறேன். ராயலாக ஓட்டுவார். புத்தகம் வாங்கி வாங்கிப் படிப்பார், கார் புத்தகம். ஜிடி, ஜிடி என்பார். அப்படி என்றால் என்னங்க என்று ஒரு நாள் கேட்டேன். "ரேசு வண்டி இருக்குது, அதுல போனா முதுகு ஒடியும். சொகுசு வண்டி இருக்குது, அதுல போனா தூக்கம் வரும். ஜிடின்னா ரெண்டு பேர், ரெண்டு பொட்டி, கெளம்புனா சீமைக்கோடி வரைக்கும் புயலாப் போகோணும், எறங்குனா சட்டை கசங்கியிருக்கப்படாது" என்றார். ரெண்டு பேர் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. வாங்குவோம், கன்னியாகுமரி வரை ஒரே மூச்சில் போவோம் என்பார். அடுத்த வருஷம் என்பார். அதற்குள் ஒரு புது மெஷின் வரும், ஒரு புது ஆர்டர் வரும். பிறகு அந்தக் காலை வந்தது. சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் முகத்தில் பாதி நுரையோடு நின்றுகொண்டு ரேஸரை எடுக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார், கை கிண்ணத்துப் பக்கத்திலேயே கிடந்தது, அது யாருடைய கை என்பது போல. வேண்டாம். இப்போது அதை நினைக்க வேண்டாம். ரோட்டைப் பார். குழந்தைவேலு என்ற பெயரை முதல்முதலாக நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான், நோயாளி பெயர் என்ன என்று கேட்டபோது. ரோட்டைப் பார் சாந்தாமணி.

முதல் வளைவு வந்துவிட்டது. பென்ட்லியாக இருந்தால் இந்த வளைவை எப்படி எடுக்கும் என்று எனக்குத் தெரியும், கீழே அணைக்கு வருகிற ரோட்டில் பெரிய வளைவுகளில் பார்த்துவிட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். அத்தனை கனமான வண்டி, கனம் எங்கே போகிறது என்றே தெரியாது. நீ திருப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற வண்டி அது. பொள்ளாச்சி நாலு வழிச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டினேன், தாண்டினேன் என்று கூடச் சொல்ல முடியாது, நாங்கள் நின்ற இடத்தில் நிற்க லாரி பின்னோக்கிப் போனது போல இருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பயந்து காலை எடுத்தேன். அவ்வளவு வேகம், ஆனால் வேகத்தின் சத்தமே உள்ளே வரவில்லை, தென்னந்தோப்புகள்தான் வாயை மூடிக்கொண்டு ஓடின. அதிசயம், அவர் தூங்கிவிட்டார். நான் ஓட்டும்போது அவர் தூங்கினதே கிடையாது. இன்னோவாவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்த வலது கால் ஒரு பிரேக்கைத் தேடித் தேடிக் கால்மிதியை மிதித்துக்கொண்டே வரும். பென்ட்லியில் அந்தக் கால் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அப்புறம், இதை யாரிடமும் சொல்ல முடியாது, அவர் தூங்கினதும் நான் சிரித்தேன். பல் தெரிய, தனியாக, அந்த நீண்ட கதவுக்குள், மரமும் தோலுமாக வாசம் அடிக்கிற அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். அவர் விழித்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். இது அவருடைய ஆசை. அவருக்குக் கிடைக்காமல் போனதை வாரி வாயில் போட்டுக்கொண்டு சப்புக்கொட்டினால் நன்றாகவா இருக்கும்.

ஆனால் இது. இது வேறு. ஸ்டீரிங்கைத் திருப்பவேண்டும் என்று நினைத்தேன், வண்டியின் மூக்கு ஏற்கெனவே திரும்பியிருந்தது. இவ்வளவு நீளமான மூக்கை வைத்துக்கொண்டு எப்படி. தாரில் புதைந்திருக்கிற ஜல்லி என் விரல் நுனியில் தெரிகிறது. உறுத்தவில்லை, தெரிகிறது, அவ்வளவுதான். இருட்டில் புடவையைத் தொட்டுப் பார்த்து இது பட்டு இது பருத்தி என்று சொல்கிற மாதிரி ரோட்டைத் தொட்டுச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது, இங்கே ஈரம், இங்கே மணல், இங்கே போன வருஷம் ஒட்டுப்போட்டது. வளைவு பாதியில் காலைக் கொஞ்சம் அழுத்தினேன். பின்சக்கரம் இரண்டும் என் இடுப்புக்குக் கீழே பிடித்துத் தள்ளின. தள்ளியது இன்ஜின் இல்லை, யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருந்தது. சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. பென்ட்லி, விடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. இது, நீ செய், நீ செய்கிறாயா பார்ப்போம் என்கிறது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கம்பெனியில் இப்போது எல்லாம் நான்தான் பார்க்கிறேன், ஆனால் அது வேறு வழியில்லாமல், அவருக்குப் பதிலாக. இது யாருக்கும் பதிலாக இல்லை. அடுத்த வளைவு. எடு. மெதுவாக உள்ளே, பிறகு விடு, விடு, இப்போது அழுத்து. ஐயோ. முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்.

"எப்புடி இருக்குது?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"நல்லாத்தான்னா?"

"வண்டி மாதிரி இருக்குது. என்ன, கொஞ்சம் சத்தம். உங்களுக்கு முதுகு வலிக்குதுங்களா?"

"முதுகக் கேக்கல. ஸ்டீரிங்கு எப்புடி? அதுக்கும் இதுக்கும்?"

"ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றாட்டம். எப்படிச் சொன்னேன் அதை. ஒரு பக்கம் பொய் சொன்ன வாய், ஒரு பக்கம் இந்த ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற கை, கைக்குத் தெரியும் நான் சொன்னது பொய் என்று. சரியாகத்தான் சொன்னேன், வேறு என்ன சொல்வது, நீங்கள் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது இதோ இப்படி இருக்கிறது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது என்றா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் அவர் பழக்கத்தில் இன்னோவாவின் டிரைவர் பக்கக் கதவுக்குப் போய் நின்றுவிட்டார். கைப்பிடியில் வலது கை வைத்தார், நின்றார். அவரே சுற்றிவந்து இந்தப் பக்கம் நின்றார், கைத்தடியை ஊன்றி ஊன்றி, அந்தச் சின்ன தூரம் நடந்து முடிக்க எத்தனை நேரம் ஆனது. அதைப் பார்த்த பிறகு எவள் சப்புக்கொட்டுவாள். பென்ட்லி என்று சொல்லிவிடு. பெல்ட்டை நீட்டுகிற வண்டி. தூங்கவைக்கிற வண்டி. அதுவும் குறைந்த வண்டியா, ராஜா வண்டி, ஆயுசுக்கும் ஓட்டலாம், கன்னியாகுமரி போய் இறங்கினால் சட்டை கசங்காது. நியாயமாகப் பார்த்தால் அதுதான். நியாயமாகப் பார்த்தால். இன்னும் ஒரு வளைவு போய்த் திரும்பிவிடலாம். இன்னும் ஒன்றே ஒன்று. கீழே அணைத் தண்ணீர் தட்டில் ஊற்றினது போலத் தெரிய ஆரம்பித்துவிட்டது, பாறை விளிம்பில் ஒரு வரையாடு நின்று எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மென்றுகொண்டிருந்தது, அந்த இடத்தை அவருக்குக் காட்டலாம் என்று "அவத்த பாருங்க" என்று வாயெடுத்தேன்.

அப்போதுதான் பஸ். வால்பாறையிலிருந்து இறங்குகிற பஸ், வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு, ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அதன் முன்கண்ணாடி என் முகத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது. இடது பக்கம் சுவர், சுவருக்குப் பிறகு ஒன்றும் இல்லை, அந்த இடது பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமே இல்லை. கால் பிரேக்கில் இருந்தது, கை கொஞ்சம் இடது, கொஞ்சமே கொஞ்சம், வண்டி தரையோடு அமுங்கி, நான் கேட்டதைக் கேட்ட அளவுக்கு, ஒரு இழை கூட அதிகமில்லாமல் செய்தது. சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற இடம் இருந்தது. பஸ் உரசாமல் இறங்கியது. டிரைவர் கையை வெளியே நீட்டி ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். ஒரு நொடி எல்லாம் நின்றிருந்தது. அப்புறம் அழுத்தினேன், வண்டி எழுந்து வளைவைச் சுற்றி மேலே பாய்ந்தது, எனக்குள்ளிருந்து என்னவோ வெளியே வந்தது, அழுகையாக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு. பல்லெல்லாம் தெரிய, சத்தமாக, சந்தையில் நிற்கிற பொம்பளை மாதிரி சிரித்தேன்.

"நிறுத்து" என்றார்.

உயிரே போய்விட்டது. வளைவு தாண்டி அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டினேன். முகத்தைப் பார்த்தேன், வாய் கோணுகிறதா, கண் சரியாக இருக்கிறதா, கையைத் தூக்கச் சொல்லு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, "கையத் தூக்குங்க, ஏனுங்க, வலது கையத் தூக்குங்க, என்ற பேரு என்ன, சொல்லுங்க" என்று அவர் தாடையைப் பிடித்தேன். அவர் என் கையை எடுத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல எனக்கு" என்றார். "பொய் சொல்லாம சொல்லு. எது?"

"பென்ட்லிங்க."

"ஏன்?"

"உங்களுக்கு ஏறி எறங்க நல்லா இருக்குது. பெல்ட்ட நீங்களே போட்டுக்கலாம். நல்லாத் தூங்குனீங்க. வண்டியும் தங்கமாட்டம் போவுது, நெசமாத்தான் சொல்றேன், அதுக்கு ஈடு..."

"எனக்கு எதுன்னு கேக்கல. உனக்கு எது?"

இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது, அதன் நடுக்கம் இருக்கையில் தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும். சொன்னால் அவர் முகம் என்ன ஆகும். அந்த இன்னோவாக் கதவு, அந்தக் கைத்தடி. சொல்லாவிட்டால் மட்டும் அந்த முகம் என்ன ஆனது, கொஞ்சம் முன்னால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டதே.

"இதுதானுங்க" என்றேன். அப்புறம் அழுதுவிட்டேன். "ஏஞ்சாமி, இது உங்களுக்கு வந்திருக்கோணும். உங்க கைக்கு வந்திருக்கோணும். நான் இப்புடிச் சிரிச்சுட்டனே."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டும், வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"நான் ஓட்டறப்ப நீ பக்கத்துல உக்காந்து என்ற மூஞ்சியப் பாத்திருக்கற" என்றார். "நீ ஓட்டறப்ப நான் உன்ற மூஞ்சியப் பாத்ததே இல்ல. பிரேக்கத்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் பாத்தேன். பென்ட்லியில நான் தூங்கவும் இல்ல. கண்ண மூடுனா நீ சிரிக்கற, தொறந்தா நிறுத்தற. அதனால மூடிட்டு ஓரக்கண்ணுல பாத்துட்டு வந்தேன்."

"அடப்பாவி மனுசா" என்றேன். வாழ்நாளில் அவரை அப்படிச் சொன்னதில்லை.

"எனக்குக் கோவம் அதுல இல்ல. எப்புடி இருக்குதுன்னு கேட்டா ஒண்ணாட்டம்ங்கற. எனக்குத் தெரியோணும் சாந்தா. புத்தகத்துல எவனோ எழுதுனதத்தான் இத்தன நாள் படிச்சேன். நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சுரும். கையில என்ன தெரியுது, இடுப்புல என்ன தெரியுது, எல்லாத்தையும் சொல்லு. நீ மட்டும் வச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"இதுல ஏறி எறங்கறது?"

"ஏத்திவிட நீ இருக்கற. பெல்ட்டப் போட நீ இருக்கற. நாலு பேர் பாத்தாப் பாக்கட்டும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். இறக்கம். ஏறும்போது நினைத்ததெல்லாம் இப்போது வாயால் வர வேண்டும், வரவில்லை, முதல் வளைவுவரை ஊமை மாதிரி வந்தேன். பிறகு, "ஜல்லி தெரியுதுங்க" என்றேன். "எங்க?" "வெரல் நுனியில. குத்தல, தெரியுது. பென்ட்லியில ரோட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு மெத்தை போட்டிருக்கறான், நல்ல மெத்தை, எவனும் போட முடியாது அந்த மாதிரி. இதுல அந்த மெத்தையே இல்ல, ஆனா வலிக்கல, அது எப்புடின்னு தெரியல." "ம், சொல்லு." "பிரேக்குல கால் வெக்கறப்ப பாருங்க, மூக்கு அமுங்குது, முன்சக்கரம் தரையக் கவ்வுறது தெரியுது, இப்பத் திருப்பறேன், பாருங்க, திருப்பறதுக்கு முன்னாலயே வண்டிக்குத் தெரிஞ்சுருது. பென்ட்லி நம்மளக் கூட்டிட்டுப் போவுது. இது நாம கூட்டிட்டுப் போனா வருது. ரெண்டும் பெரிய வண்டிதானுங்க, ஒண்ணு மட்டம்னு சொன்னா நாக்கு அழுகிரும், ஆனா அதுல நான் விருந்தாளி." "இதுல?" "இதுல," என்று ஆரம்பித்தேன், வளைவு வந்துவிட்டது, அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது, நான் நிறுத்தவே இல்லை, பின்சக்கரம் தள்ளுவதையும் சத்தம் பாறையில் பட்டுத் திரும்புவதையும் பஸ் வந்தபோது கால் என்ன செய்தது என்பதையும் ஒரு மூச்சாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்ததா. அவர் முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். நடுநடுவே, அப்புறம், அப்புறம் என்றார்.

கடைசிக்கு முந்தின வளைவில் அவர் வலது காலைப் பார்த்தேன், கால்மிதியை மிதித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் முன்னாலயே பிரேக் புடி" என்றார். "அவத்த மணல் கெடக்குது, வெளிய தள்ளும், இப்பப் புடி, இப்ப."

"நான்தானுங்க ஓட்டறேன்" என்றேன். "நீங்க சும்மா வாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வண்டி மணலைத் தொட்டது, லேசாக வழுக்கியது, நான் பிடித்தேன், நேராக வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் மேலே போகிற அந்த வாயால் அவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க டிரைவர்" என்றார். "ஓட்டுங்க."